கருவிக்கு எப்படித் தெரியும், நீங்கள் யாரைக் கேட்கிறீர்கள் என்று?

"சத்தம் நன்றாகக் கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை." செவித்திறன் பரிசோதனை அறையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காதில் மாட்டும் புதுச் செவித்துணைக் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, "வீட்டில் நாலு பேர் கூடினால் கழற்றிவிடுகிறேன்" என்றார். கருவியில் பழுதில்லை. மகளின் குரலையும் மற்றவர்களின் இரைச்சலையும் அது ஒன்றாகவே பெருக்கிக் கொடுத்தது. அவர் யாரைக் கேட்க விரும்புகிறார் என்பது அதற்குத் தெரியாதே!

முன்னால் இருப்பவரின் குரலைத் தூக்கிக் கொடுக்கும் ஒலிவாங்கிகள் இன்றைய கருவிகளில் உண்டு. ஆனால் தட்டைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்குக் காதுகொடுப்பவர்கள்தாம் நாம்.

காதுகொடுப்பது உண்மையில் மூளையின் வேலை. 1953இல் ஆய்வாளர் காலின் செர்ரி இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்றக் காதில் மொழி மாறியதைக்கூடப் பலர் கவனிக்கவில்லை.

இந்தத் தேர்வு மூளை அலைகளில் தடம் விடுகிறது. பேசும்போது ஒலியின் வலு அசைக்கு அசை ஏறி இறங்குகிறது. மூளையின் மெதுவான அலைகள் அந்த ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்கின்றன. கவனிக்கப்படும் குரலோடு அந்த ஒத்துப்போதல் கூடுதலாக இருக்கும். ஆகவே இ.இ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவிலிருந்து ஏற்ற இறக்கத்தை மீட்டெடுத்து, ஒவ்வொருவர் பேச்சோடும் ஒப்பிட்டால் யாரைக் கேட்கிறார் என்று கணிக்கலாம். 2012இல் ஆய்வாளர்கள் மெஸ்கரானியும் சாங்கும், வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் பதிக்கப்பட்டிருந்தவர்களிடம் இந்தத் தடத்தைத் தெளிவாகக் காட்டினார்கள். 2015இல் ஓ'சல்லிவன் குழுவினர், தலைமேல் ஒட்டும் மின்முனைகளைக் கொண்டே, பத்தில் ஏறக்குறைய ஒன்பது முறை சரியாகக் கணித்தார்கள்.

இங்கேதான் சிக்கல். அந்தக் கணிப்புக்கு ஒரு நிமிடப் பதிவு தேவைப்பட்டது. ஒரு நிமிடத்தில் பேச்சு மூன்று பேரிடம் மாறியிருக்கும். சில வினாடிகளாகச் சுருக்கினாலோ துல்லியம் குறைகிறது. தலைத்தோலில் கிடைப்பது மைக்ரோவோல்ட் அளவிலான மின்னழுத்தம். ஒரு கண்சிமிட்டல், ஒரு பல்கடிப்பு அதை மூழ்கடித்துவிடும். போதாக்குறைக்கு, ஆய்வகத்தில் இரு குரல்களும் தனித்தனியே கையில் இருக்கும். வீட்டிலோ ஒலிவாங்கிக்குக் கிடைப்பது கலவை மட்டுமே.

"மனத்தில் நினைப்பதைப் படித்துவிடுமா?" என்றும் கேட்கிறார்கள். இந்த முறையால் முடியாது. ஒப்பிட வெளியே ஓர் ஒலி இல்லாவிட்டால் இதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கவனத்தை அளப்பதாகச் சொல்லித் தலைப்பட்டை விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை வினாடிப் பதிவில், எவ்வளவு இரைச்சலில் சோதித்தீர்கள்? இந்தத் தொழில்நுட்பம் வரட்டும் என்று இன்று தேவைப்படும் கருவியைத் தள்ளிப்போடுவதை நான் ஒப்பமாட்டேன்.

ஆசிரியருக்கு, பேசுபவரின் உடையில் மாட்டும் சிறு ஒலிவாங்கி ஒன்றைக் கருவியோடு இணைத்துக் கொடுத்தேன். மகள்தான் அதை மாட்டிக்கொள்கிறார். அடுத்த முறை வந்தபோது, "அதைக் கழற்ற மறந்துவிட்டு, அடுத்த அறையில் போய் என்னைப் பற்றிப் புலம்புகிறாள், அதுவும் தெளிவாகக் கேட்கிறது" என்றார்.