காய்ச்சல் காலத்தில் விமான நிலையச் சுகாதார மேசை: பயணிகள் அறிய வேண்டியவை

2009ஆம் ஆண்டில் எச்1என்1 இன்ஃப்ளூயன்சா, அன்றைய வழக்கில் பன்றிக் காய்ச்சல், உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த மாதங்களில், தமிழ்நாட்டின் பன்னாட்டு விமான நிலையம் ஒன்றில் வருகைப் பகுதி மேசைக்கு மாற்றுப்பணியில் அனுப்பப்பட்ட மருத்துவர்களில் நானும் ஒருவன். வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்தும் வரும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பின்னரே தரையிறங்கும். இமிகிரேஷன் வரிசைக்கு முன்னால் போடப்பட்ட இரண்டு மேசைகள், ஒரு கட்டுப் படிவங்கள், நூலில் கட்டிய பேனாக்கள், காதில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி, முகக்கவசம் ஆகியவையே எங்களிடம் இருந்தன. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, தொண்டைவலி உண்டா, கடந்த பத்து நாள்களில் எந்தெந்த நாடுகளில் இருந்தீர்கள் என்று படிவம் கேட்கும். முதல் வாரத்தில் என் கைக்கு வந்த படிவங்களில் ஏறத்தாழ எல்லாக் கட்டங்களிலும் ‘இல்லை’ என்றே இருந்தது.

அப்படி எழுதியவர்கள் எல்லாரும் பொய் சொன்னவர்கள் என்று கருதிவிடக் கூடாது. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கட்டட வேலைக்குச் சென்று திரும்பும் ஆறேழு பேருக்கு, அவர்களில் எழுதத் தெரிந்த ஒருவரே வரிசையில் நின்றபடி எல்லாப் படிவங்களையும் நிரப்பிக் கொடுப்பார். அவரிடம் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்கும் பொறுமையும் நேரமும் இருக்காது. மேல் படிவத்தில் உள்ளதே கீழ்ப் படிவத்திலும் இருக்கும்.

ஓர் இரவு அப்படிப்பட்ட குழுவில் ஒருவர், நாற்பது வயதுக்குள் இருப்பார், கைக்குட்டையால் வாயைப் பொத்தி இருமினார். படிவத்தில் இருமல் ‘இல்லை’. காதில் வெப்பமானியை வைத்தேன். இயல்பான அளவே காட்டியது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, ஊர் எது, வீட்டில் யார் யார் என்று விசாரித்தேன். சில நிமிடங்களில் அவரே சொன்னார்: “நேத்து ராத்திரியிலேர்ந்து காய்ச்சல் டாக்டர். ஏறும்போது ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டேன். என்னைப் புடிச்சு ஆஸ்பத்திரியில வெச்சிருவீங்களா? நாளன்னைக்குப் பொண்ணுக்குக் காதுகுத்து. மூணு வருஷம் கழிச்சு வர்றேன்.” அவர் போட்டுக்கொண்டது பாராசிட்டமால். உடல் வெப்பத்தைச் சில மணி நேரத்துக்குக் கீழே கொண்டுவரும் அந்த மாத்திரைக்கும் அவர் தொண்டையில் இருந்த வைரஸுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கருவிக்கு அவர் நலமானவர்; பக்கத்தில் இருப்பவருக்கு அவர் நோயைத் தரக்கூடியவர்.

பின்னாளில் எங்கள் விமான நிலையத்துக்கு வந்த தெர்மல் ஸ்கேனர்களுக்கும் இதே எல்லை உண்டு. அந்தக் கருவி காய்ச்சலைப் பார்ப்பதில்லை. தோலின் மேற்பரப்பு வெப்பத்தைப் பார்க்கிறது. கனமான பையைத் தூக்கிக்கொண்டு விரைந்து வந்தவர், மது அருந்தியவர், மாதவிடாய் நிற்கும் பருவத்தில் திடீரென உடல் சூடேறும் பெண் ஆகியோரைக் கருவி நோயாளியாகக் காட்டக்கூடும். வியர்த்து முகம் குளிர்ந்த உண்மையான நோயாளியை அது விட்டுவிடக்கூடும். வயது முதிர்ந்தவர்களில் பலருக்கு இன்ஃப்ளூயன்சா வந்தாலும் காய்ச்சல் தெளிவாகத் தெரிவதில்லை.

இதைவிடப் பெரிய எல்லை காலக்கணக்கில் இருக்கிறது. இன்ஃப்ளூயன்சா தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்ற ஒன்று முதல் நான்கு நாள்கள், பெரும்பாலும் இரண்டு நாள்கள் ஆகும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ தமிழ்நாட்டுக்கு வர ஏறத்தாழ நான்கு மணி நேரமே ஆகும். முதல் நாள் மாலை உடன் தங்கியிருந்தவரிடமிருந்து தொற்றைப் பெற்றவர், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், எங்கள் மேசையைக் கடக்கும்போது நலமாகவே இருப்பார். அறிகுறி தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவரால் பிறருக்கு நோயைத் தர முடியும் என்பதுதான் இதில் கவலைக்குரியது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு நாளில் 10,000 பேர் வருகிறார்கள், அவர்களில் 10 பேருக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கு இன்னும் அறிகுறி தோன்றவில்லை, இருவருக்கு இருமல் மட்டும், இருவர் மாத்திரை போட்டிருக்கிறார்கள் என்றால் கருவிக்கு அகப்படக்கூடியவர்கள் இருவரே. அதே கருவி நூற்றுக்கு ஒருவரைத் தவறாகச் சுட்டினாலும், அந்த இருவரோடு ஏறத்தாழ நூறு நலமான பயணிகளையும் நிறுத்தி வைத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். நோயில்லாமல் நிறுத்தப்பட்ட அந்த நூறு பேரும் அடுத்த முறை எப்படி நழுவிப் போகலாம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

நடந்தவையும் இதையே காட்டுகின்றன. 2003இல் சார்ஸ் என்னும் கடும் நுரையீரல் தொற்று பரவியபோது கனடா ஏறத்தாழ 65 லட்சம் பயணிகளைப் பரிசோதனைக்கு உட்படுத்தியது. அவர்களில் ஒருவருக்குக்கூட சார்ஸ் கண்டறியப்படவில்லை. 2009 மே மாதம் ஜப்பான், வட அமெரிக்காவிலிருந்து வந்த விமானங்களுக்குள் சுகாதார அலுவலர்களை அனுப்பியே சோதித்தது. நரிட்டா விமான நிலையத்தில், கனடாவிலிருந்து திரும்பிய பள்ளிக் குழுவினரிடம் தொற்றைக் கண்டுபிடிக்கவும் செய்தது. ஆனால் ஏறத்தாழ ஒரு வாரத்தில், வெளிநாட்டுக்கே செல்லாத கோபே நகர மாணவர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. வாசலில் காவல் நின்றுகொண்டிருந்தபோதே வைரஸ் உள்ளே போயிருந்தது.

அப்படியானால் இந்த மேசை எதற்கு என்று மருத்துவ நண்பர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வைரஸைத் தடுத்து நிறுத்தும் மதிலாக அதை நினைத்தால் அது தோல்விதான். பயணிக்கும் அவர் சென்று சேரும் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இடையே ஓர் இணைப்பை உண்டாக்கும் இடமாக நினைத்தால் அதன் பயன் பெரிது. 2020 ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் கொரோனா தொற்று கேரளத்தில் உறுதி செய்யப்பட்டதை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். வூகானிலிருந்து திரும்பிய அந்த மாணவிக்கு வந்திறங்கியபோது எந்த அறிகுறியும் இல்லை. எந்த ஸ்கேனரும் அவரை நிறுத்தியிருக்க முடியாது. ஊர் திரும்பியபின் சுகாதாரத் துறையின் தொடர்பில் இருந்த அவர், தொண்டைவலி தொடங்கியதும் தாமே தெரிவித்தார். அந்தத் தொடர்பும் அந்தத் தெரிவிப்பும்தான் நோயைக் கண்டுபிடித்தன.

ஆகவே படிவத்தின் மிக முக்கியமான கட்டம் காய்ச்சல் கட்டம் என்று நான் கருதுவதில்லை. அடுத்த ஏழு நாள்கள் நீங்கள் எங்கே இருப்பீர்கள், எந்த எண்ணில் உங்களைப் பிடிக்கலாம் என்று கேட்கும் கட்டமே முக்கியமானது. அதில்தான் நம்மவர்கள் மிகுந்த அலட்சியம் காட்டுகிறார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியை அப்படியே எழுதுவார்கள். அது பத்து ஆண்டுகளுக்கு முன் காலி செய்த வாடகை வீடாக இருக்கும். தொலைபேசி எண்ணுக்கு வெளிநாட்டு சிம் எண்ணை எழுதுவார்கள். அது விமானம் இறங்கியதும் அணைக்கப்பட்டிருக்கும். காலையில் மாவட்டச் சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போகும் பட்டியலில் அந்த முகவரி இருந்தால், கிராம சுகாதாரச் செவிலியர் வெயிலில் அலைந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். விமானத்தில் உங்களோடு அதே இருக்கை வரிசையிலோ, முன்னும் பின்னும் இரண்டு வரிசைகளிலோ அமர்ந்திருந்தவருக்கு நோய் உறுதியானால் உங்களுக்குத் தகவல் சொல்ல எங்களுக்கு வேறு வழியே இல்லை. மாமியார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் மாமியார் வீட்டு முகவரியையும், அங்கே கட்டாயம் எடுக்கப்படும் ஒரு செல்பேசி எண்ணையும் எழுதுங்கள்.

விமானத்துக்குள்ளேயே உடல்நிலை சரியில்லாமல் போனால் பணிப்பெண்ணிடமோ பணியாளரிடமோ சொல்லத் தயங்க வேண்டாம். நோயுற்ற பயணியைப் பற்றித் தரையிறங்கும் முன்பே தகவல் தருவது விமானியின் கடமை என்று பன்னாட்டு விதிகள் சொல்கின்றன. உங்கள் இருக்கையை மாற்றி, முகக்கவசம் தந்து, தரையில் மருத்துவரை ஆயத்தமாக நிறுத்த அந்தத் தகவல் போதும். பறந்துகொண்டிருக்கும்போது, நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிப்பான் பொருத்திய விமானங்களில், காற்று மணிக்கு இருபது தடவைக்கு மேல் மாறுவதால் தொற்று பெரும்பாலும் அருகிலுள்ள சில இருக்கைகளுக்குள் அடங்குகிறது. நின்றுகொண்டிருக்கும் விமானம் வேறு. 1977இல் அலாஸ்காவில் 54 பேர் இருந்த ஜெட் விமானம் ஒன்று எஞ்சின் கோளாறால் மூன்று மணி நேரம் தரையில் நின்றது. காற்றோட்டக் கருவி இயங்கவில்லை. உள்ளே ஒருவருக்கு இன்ஃப்ளூயன்சா இருந்தது. மூன்று நாள்களுக்குள் பயணிகளில் 72 விழுக்காட்டினர் நோயுற்றனர். அதிக நேரம் உள்ளே இருந்தவர்களிடையே நோய் அதிகமாக இருந்தது. விமானம் புறப்படாமல் நிற்கும் நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். இது என் மனத்தை நீண்ட நாள் வருத்தியது. காய்ச்சல் காலத்தில் எல்லாக் காய்ச்சலும் ஃப்ளூவாகவே, அதாவது இன்ஃப்ளூயன்சாவாகவே, கண்ணுக்குத் தெரியும். ஆப்பிரிக்க நாடு ஒன்றில் வேலை பார்த்துத் திரும்பிய இளைஞர் ஒருவர் கடும் காய்ச்சலுடனும் குளிர் நடுக்கத்துடனும் எங்களிடம் வந்தார். நாங்கள் மருத்துவமனைக்கு அனுப்பினோம். தொண்டைச் சளி மாதிரியின் முடிவுக்காக அவரைத் தனி அறையில் வைத்து இரண்டு நாள் காத்திருந்தார்கள். மலேரியாவுக்கான இரத்தத் தடவல் மூன்றாம் நாள்தான் எடுக்கப்பட்டது. உயிருக்கே ஆபத்தான ஃபால்சிபாரம் வகை மலேரியா. பிழைத்துக்கொண்டார் என்றாலும், பரிந்துரைச் சீட்டில் அவர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்பதைப் பெரிய எழுத்தில் நான் எழுதியிருக்க வேண்டும். அன்றிலிருந்து எழுதுகிறேன். மலேரியா உள்ள நாட்டிலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நோயாளியோ உறவினரோ அதைக் கேட்டுப் பெறவும் வேண்டும். அரபு நாடுகளில் ஒட்டகங்களுடன் பழகித் திரும்பியவர், ஒட்டகங்களிடமிருந்து தொற்றக்கூடிய, 2012இல் அடையாளம் காணப்பட்ட மெர்ஸ் நோயைக் கருதி, இரண்டு வாரங்களுக்குள் மூச்சுத் தொல்லை வந்தால் ஒட்டகங்களுடன் பழகியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

‘ஃப்ளூ சீசன்’ என்பது எல்லா ஊருக்கும் ஒரே காலம் இல்லை. ஐரோப்பா, வட அமெரிக்காவில் அக்டோபர் முதல் மார்ச் வரையிலும், ஆஸ்திரேலியாவில் மே முதல் செப்டம்பர் வரையிலும் நோய் மிகுகிறது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் இருக்கிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஓர் உச்சம் வருகிறது. பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து வரும் மகனும், ஜூலையில் சிட்னியிலிருந்து வரும் மகளும் தத்தம் ஊரின் காய்ச்சல் காலத்திலிருந்தே புறப்படுகிறார்கள். பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. கருவுற்றோர், 65 வயதைக் கடந்தோர், நீரிழிவு, ஆஸ்துமா, இதயநோய் உள்ளோர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வருபவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

புறப்படும் நாளில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தால் பயணத்தை ஒத்திவையுங்கள். மருத்துவச் சான்று இருந்தால் தேதியை மாற்றித் தர இயலுமா என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள். பயணம் தவிர்க்க முடியாததாகி, மாத்திரை போட்டுக்கொண்டால் அதில் குற்றமில்லை. எத்தனை மணிக்கு எந்த மாத்திரை போட்டீர்கள் என்பதை மேசையில் சொல்லுங்கள். வீடு சேர்ந்தபின் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, தொடர்ந்த மயக்கம், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கு எதிரான ஒசெல்டமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கும்போதே மிகுந்த பயன் தருகிறது.

மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் சக பணியாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். தூக்கமின்றி வந்து நிற்கும் ஒருவரிடம் நாம் பேசும் முதல் வாக்கியத்திலேயே அவர் உண்மை சொல்வாரா மாட்டாரா என்பது முடிவாகிவிடுகிறது. அன்று அந்தக் காதுகுத்துத் தந்தையிடம் “ஏன் பொய் எழுதினீங்க?” என்று நான் தொடங்கியிருந்தால், மாத்திரை போட்டதை அவர் ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டார். அவரிடம் சளி மாதிரி எடுத்தோம். தனி வண்டியில் ஊருக்குப் போய் மாடி அறையில் தங்குவதாகவும், விழாவை ஒரு வாரம் தள்ளிவைப்பதாகவும் ஒப்புக்கொண்டார். தம் மைத்துனரின் எண்ணைக் கொடுத்தார். நான்காம் நாள் அவரே அந்த எண்ணிலிருந்து கூப்பிட்டார். வீட்டில் கருவுற்றிருந்த தங்கைக்கு அன்று காலையிலிருந்து இருமலும் காய்ச்சலுமாக இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குள் கிராம சுகாதாரச் செவிலியர் அந்த வீட்டு வாசலில் இருந்தார். அன்றிரவே அந்தப் பெண்ணுக்கு மருந்து தொடங்கப்பட்டது.