அதிகம் எழுதுபவர்தான் குழுவைத் தாங்குகிறாரா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகள் இணையவழியில் டிப்ளோமா படிக்கிறாள். குழு ஒப்படைக்கு ஏழு பேர். வேலை செய்வது இரண்டு பேர், புள்ளி மட்டும் ஏழு பேருக்கும் ஒன்று. யார் எத்தனை தரம் எழுதினார்கள் என்று கணினி எண்ணித் தருமாமே, அதை வைத்தாவது கண்டுபிடிக்க முடியாதா?"

எண்ணித் தரும்தான். ஆனால் அந்த எண்ணிக்கையை நம்பிப் புள்ளி போட்டால், உங்கள் மகளுக்கு இன்னும் பெரிய அநியாயம் நடக்கக்கூடும்.

தொலைக்கல்வி எங்களுக்குப் புதிதல்ல. நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகம் 1980இலேயே தொடங்கப்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாக் கதவுகளும் மூடப்பட்டபோது மற்றப் பல்கலைக்கழகங்களும் சூமுக்கும் மூடுலுக்கும் இடம்பெயர்ந்தன. மூடுல் போன்ற கற்றல் தளங்கள் ஒவ்வொரு சொடுக்கையும் நேரத்தோடு குறித்துவைத்துக்கொள்கின்றன. யார் கேள்வி கேட்டார், யார் யாருக்குப் பதில் எழுதினார் என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதிலிருந்து எடுப்பது ஒரேயொரு எண்ணைத்தான்: ஆளுக்கு எத்தனை பதிவு. பத்து இடத்தில் "நன்றி மிஸ்" என்று எழுதியவருக்குப் பத்து. சிக்கலான கேள்விக்கு ஒரே தடவையில் விடை சொல்லிவிட்டுப் போனவருக்கு ஒன்று.

அதே பதிவேட்டிலிருந்து வேறொன்றையும் எடுக்கலாம். தாளில் ஆளுக்கொரு புள்ளி வையுங்கள். ஒருவர் மற்றவருக்குப் பதில் எழுதியிருந்தால் இரு புள்ளிகளுக்கும் நடுவே ஒரு கோடு போடுங்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது வரைபடம். அதைக் கணிதத்தால் ஆராய்வதைத்தான் சமூக வலையமைப்புப் பகுப்பாய்வு என்கிறார்கள்.

இதன் வேர் கணினிக்கு முந்தியது. 1930களின் தொடக்கத்தில் நியூயோர்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் பெண்பிள்ளைகளுக்கான ஒரு சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பதினான்கு பேர் ஓடிப்போனார்கள். ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர், தனித்தனியே ஒவ்வொரு பிள்ளையின் குணத்தையும் ஆராயாமல், யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டுக் கோடு போட்டார். ஓடும் எண்ணம் அந்தக் கோடுகள் வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்கிறது என்பது அவருடைய வாதம்.

அடிப்படைக் கணக்கை வேகமாகத் தாண்டிவிடுவோம். ஏழு பேர் இருந்தால் இரண்டிரண்டு பேராகச் சேர்க்க 21 வழி. உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவர்களுக்கு இது மனப்பாடம். அந்த 21இல் எத்தனை கோடு உண்மையில் இருக்கிறதோ, அந்த விகிதமே வலையமைப்பின் அடர்த்தி. ஒருவரைத் தொடும் கோடுகளின் எண்ணிக்கை அவருடைய தரம். பதில் எந்தத் திசையில் போனது, திரும்பி வந்ததா என்றும் பார்க்கலாம். இங்கே திசையை விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல ஆசைப்படுவது அடுத்த அளவைப் பற்றி. ஒரு கற்பனைக் குழுவை எடுத்துக்கொள்வோம். கவிதா, தர்சன், றிஸ்வான் மூவரும் தமிழ்மொழி மூலம் உயர்தரம் முடித்தவர்கள். நிமாலி, சச்சினி, கசுன் சிங்கள மொழி மூலம். ஏழாவது ஆள் தெமட்டகொடை ஷிஃபானா: வீட்டில் தமிழ், பாடசாலையில் சிங்களம். பாடநெறி ஆங்கிலத்தில்தான். ஆனாலும் ஒப்படை நெருக்கும்போது யார் யாரிடம் ஓடுவார்கள் என்பது கொழும்பில் படித்த எல்லோருக்கும் தெரியும். முதல் மூவரும் தங்களுக்குள் மாறிமாறிப் பேசிக்கொள்கிறார்கள். மற்ற மூவரும் அப்படியே. ஷிஃபானா பேசுவது தர்சனோடும் நிமாலியோடும் மட்டும்.

மொத்தம் 8 கோடு. அடர்த்தி 21இல் 8, அதாவது ஏறத்தாழ 0.38. தரத்தைப் பார்த்தால் தர்சனுக்கும் நிமாலிக்கும் மூன்று, மற்ற எல்லோருக்கும் இரண்டு. ஷிஃபானாவும் கசுனும் ஒரே வரிசையில். எண்ணிக்கை மட்டும் பார்க்கும் விரிவுரையாளருக்கு இருவரும் சாதாரணமானவர்கள்.

இப்போது 1977இல் லின்டன் ஃபிரீமன் என்ற சமூகவியலாளர் வரையறுத்த கணக்கைச் செய்து பாருங்கள். ஷிஃபானாவை ஒரு பக்கம் வைத்துவிட்டு மற்ற ஆறு பேரையும் சோடி சோடியாக எடுங்கள். 15 சோடி வரும். ஒவ்வொரு சோடிக்கும் ஒரே கேள்வி: இவரிடமிருந்து அவருக்கு ஒரு செய்தி ஆகக் குறுகிய வழியில் போனால், நடுவில் ஷிஃபானா வருகிறாளா? கவிதாவுக்கும் தர்சனுக்கும் நேர்க்கோடு இருக்கிறது, அவள் தேவையில்லை. கவிதாவிலிருந்து கசுனுக்கு? கவிதா, தர்சன், ஷிஃபானா, நிமாலி, கசுன். வேறு வழியே கிடையாது. இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் மூவர், ஒன்பது சோடி. ஒன்பதும் அவள் வழியாகத்தான். ஆகவே ஷிஃபானாவின் மதிப்பு 9. மூன்று கோடு வைத்திருக்கும் தர்சனுக்கு 8. கசுனுக்குப் பூச்சியம்.

இதற்கு இடைமை மையத்தன்மை என்று பெயர். எங்கள் ரயில் பாதையில் பொல்கஹவெல இருக்கிறதே, அந்த மாதிரி. பொல்கஹவெலைக்கென்று டிக்கெட் எடுப்பவர்கள் கொஞ்சம்பேர்தான். ஆனால் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவரும், யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வருகிறவரும், மட்டக்களப்பிலிருந்து பதுளைக்குப் போகிறவரும் ரயிலில் போவதென்றால் அந்தச் சந்தியைத் தொட்டுத்தான் ஆகவேண்டும்.

கணக்கு இதோடு முடியவில்லை. எனக்கு ஆகப் பிடித்த இடம் இனித்தான். குழுவில் ஒரேயொரு கோட்டைக் கூட்டுங்கள்: ஒருநாள் கவிதா நேரடியாகச் சச்சினிக்குப் பதில் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி 0.38இலிருந்து 0.43க்குப் போகிறது. இந்த மாற்றத்தை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஷிஃபானாவுக்கு என்ன நடந்தது? ஒன்பது சோடியையும் திரும்பப் பாருங்கள். கவிதாவும் றிஸ்வானும் சச்சினியையும் கசுனையும் அடையப் புதிய வழியே குறுகியது. கவிதா நிமாலியை அடையவும் அதுவே. தர்சன் சச்சினியிடம் போக கவிதா வழி போதும். தர்சனுக்கும் நிமாலிக்கும் நடுவே மட்டும் ஷிஃபானா முழுசாக நிற்கிறாள்: அது ஒன்று. தர்சன் கசுனிடம் போக இரண்டு வழி, இரண்டும் ஒரே நீளம். அப்படி வந்தால் மதிப்பைப் பங்குபோட வேண்டும்: அரை. றிஸ்வானிலிருந்து நிமாலிக்கும் அதேபோல அரை. கூட்டினால் 2.

9 இருந்த இடத்தில் 2. ஷிஃபானா செய்த வேலையில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் எழுதிய பதிவுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. யாரோ இரண்டு பேர் பேசத் தொடங்கினார்கள், அவள் தோளிலிருந்த சுமை இறங்கிவிட்டது. ஒருவரின் மதிப்பு அவருக்குள் இல்லாமல், மற்றவர்களுக்கிடையே இருக்கும் கோடுகளில் இருக்கிறது என்பதை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டும் இன்னொரு கணக்கை நான் பார்த்ததில்லை. தாளும் பேனாவும் எடுத்து ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். ஆயிரம் மாணவர் உள்ள பாடநெறி என்றால் கையால் முடியாது. 2001இல் உல்ரிக் பிராண்டஸ் கண்டுபிடித்த குறுக்குவழியால் சாதாரண மடிக்கணினியே அதைச் செய்துவிடுகிறது.

சரி, கோடுகளின் வடிவத்துக்கும் கற்றலுக்கும் என்ன சம்பந்தம்? 1951இல் ஹரோல்ட் லெவிட், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்த பரிசோதனை ஒன்றை வெளியிட்டார். ஐந்து பேரைத் தடுப்புப் பலகைகளுக்கு நடுவே உட்காரவைத்தார்கள். ஆளுக்கொரு அட்டை, அதில் ஆறு குறிகளில் ஐந்து. ஐவருக்கும் பொதுவான குறி எது என்று துண்டுச்சீட்டு அனுப்பிக் கண்டுபிடிக்க வேண்டும். யார் யாருக்குச் சீட்டு அனுப்பலாம் என்பதை மட்டும் மாற்றினார்கள். எல்லாச் சீட்டும் நடுவிலுள்ள ஒருவருக்கே போகும் சக்கர அமைப்பில் பிழை குறைவு, வேகமும் அதிகம். ஆனால் ஓரத்தில் இருந்தவர்களுக்கு அலுத்துப்போனது. வட்டமாக அனுப்பியவர்கள் நிறையச் சீட்டு எழுதினார்கள், நிறையப் பிழை விட்டார்கள், கூடுதலாக ரசித்தார்கள்.

அதே ஆய்வுகூடத்தில் பின்னர் குறிகளுக்குப் பதிலாக, நிறம் கலங்கிய கோலிக்குண்டுகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்லி விவரிக்கக்கூடிய குண்டுகள். இங்கே கதை திரும்பியது. வட்டக்குழு போகப்போகத் தங்களுக்குள் ஒரு பொதுப் பேச்சை உண்டாக்கிப் பிழையைக் குறைத்துக்கொண்டது. நடுவில் ஒருவரை வைத்த குழுவால் அந்தளவுக்குக் குறைக்க முடியவில்லை. விடை தெரிந்த கணக்குக்குச் சக்கரம் போதும். சொல்லே இன்னும் பிடிபடாத விஷயத்தைக் கற்க வட்டம் வேண்டும்.

இணையவழி வகுப்புகளில் பெரும்பாலும் தெரிவது சக்கரம்தான். நடுவில் விரிவுரையாளர், சுற்றிவர மாணவர்கள், எல்லாக் கோடும் அவரிடமிருந்து. பார்க்க அழகாக, சுறுசுறுப்பாக இருக்கும். ஆய்வாளர்கள் இங்கே ஒரு சின்னக் குறும்பு செய்வார்கள்: விரிவுரையாளரின் புள்ளியை அழித்துவிட்டு மீண்டும் வரைவார்கள். மிஞ்சுவது தனித்தனிப் புள்ளிகள் என்றால் அங்கே கூட்டாகக் கற்றல் நடக்கவில்லை, கேள்வி-பதில் நடந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவில் உருவான ஸ்னாப் என்ற கருவி, பாடநெறி நடந்துகொண்டிருக்கும்போதே கலந்துரையாடல் பக்கத்திலிருந்து இந்தப் படத்தை வரைந்து காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. இரண்டாம் வாரத்திலேயே தனித்துப்போன புள்ளி கண்ணில் பட்டால், பரீட்சைக்கு முன் அந்தப் பிள்ளைக்கு ஒரு அழைப்பு எடுத்துப் பேசலாமே.

இப்போது என் ஆற்றாமை. ஆராய்ச்சிக்கு இலங்கை செலவிடுவது பல ஆண்டுகளாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. பெரிய இயந்திரம் வாங்கக் காசில்லை என்றால் புரிந்துகொள்ளலாம். இந்த ஆய்வுக்கு வேண்டியது ஜெஃபி போன்ற ஓர் இலவச மென்பொருளும், ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் பதிவேடும், சம்பளத்தோடு ஒரு இளம் ஆய்வாளரும்தான். மூன்று மொழிகளில் மாணவர்கள் கலந்து படிக்கும் ஒரு நாட்டில், எந்த வாரத்தில் எந்தப் பாலம் உருவாகிறது என்று பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. பாலம் போடுவதைப் பற்றி மாநாடு நடத்த மட்டும் எப்படியோ காசு கிடைத்துவிடுகிறது.

குழு பிரிக்கும்போது நட்சத்திரம் பார்க்கும் விரிவுரையாளரை நான் சந்தித்ததில்லை. இணையத்தில் கிடைக்கும் பத்துக் கேள்வி ஆளுமைப் பரீட்சையை வைத்து "இவன் தலைமைக்குப் பிறந்தவன், இவள் ஒதுங்கி இருப்பவள்" என்று பிரிப்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். சாதகக் கட்டத்துக்கும் அதற்கும் நான் பெரிய வித்தியாசம் காணவில்லை. ஷிஃபானாவின் 9 அவள் பிறந்த ராசியிலும் இல்லை, குணத்திலும் இல்லை என்று மேலே கணக்குப் போட்டுவிட்டோம்.

அதற்காக இந்தப் படத்தை வைத்துப் புள்ளி போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. போட்டால் அடுத்த தவணையிலேயே எல்லோரும் எல்லோருக்கும் "நல்ல கருத்து" என்று எழுதித் தள்ளுவார்கள், கோடுகள் பெருகும், அர்த்தம் போய்விடும். இன்னொரு குருட்டு இடமும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் உண்மையான வேலையைச் செய்வது வட்ஸ்அப்பில், இரவு பதினொரு மணிக்குப் பிறகு. பல்கலைக்கழகத் தளத்தில் விழுவது சலவை செய்து மடித்த இறுதி வடிவம் மட்டும். அமைதியாக வாசித்துக் கற்பவருக்கும் இந்தப் படத்தில் கோடு இல்லை. ஆகவே வாசகிக்கு என் பதில்: படம் தீர்ப்பு சொல்லாது, யாரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று காட்டும். மகளின் பெயருக்கு எதிரே பதிவுகள் குறைவாக இருந்தால், அவள் எந்த இரண்டு பேருக்கு நடுவே நின்றாள் என்று கேட்கும்படி விரிவுரையாளருக்கு எழுதுங்கள்.

வட்ஸ்அப்பையும் சேர்த்துப் படம் வரையலாமே என்று யாராவது கேட்பார்கள். மாணவர்கள் விரும்பிக் கொடுத்தாலொழிய அது வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்களிடம் இருக்கிறது. பெயரை நீக்கி இலக்கம் போட்டால் போதும் என்பதும் சரியில்லை. ஏழு பேர் படத்தில் இரண்டு முக்கோணம், நடுவில் ஒரு புள்ளி. அதற்கு இலக்கம் 4 என்று போட்டாலும் அது ஷிஃபானா என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.