சொந்தப் பாய்மரப் படகில் அமெரிக்கா செல்வோருக்கு: எஸ்டா செல்லாது, விசா வேண்டும்

கடல் தாண்டிப் புறப்படுவோர் பாய், கயிறு, உயிர்காப்புத் தெப்பம், குடிநீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் சரிபார்க்கிறார்கள். ஆனால் அட்லாண்டிக்கை நல்லபடியாகக் கடந்து கரீபியன் வந்து சேர்ந்தவர்கள் அமெரிக்க எல்லையில் ஒரு தாளுக்காகத் தடுக்கப்படுவதைப் பலமுறை பார்த்தாயிற்று.

ஐரோப்பிய நாடுகள் பலவும் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் அடங்கிய 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் குடிமக்கள், எஸ்டா என்ற இணைய அனுமதியுடன் விசா இல்லாமல் அமெரிக்காவில் 90 நாள் தங்கலாம். ஆனால் அமெரிக்க அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட விமான, கப்பல் நிறுவனங்களின் வழியாக வருவோருக்கே இச்சலுகை உண்டு. சொந்தப் படகு அந்தக் கணக்கில் வராது. கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு எஸ்டா வழங்கப்பட்டுவிடுவதால், அது படகுக்கும் செல்லும் என்று நம்பி வருவோர் ஏமாறுகிறார்கள். பிரிட்டிஷ் தீவான டார்டோலாவிலிருந்து பயணிகள் ஃபெர்ரியில் பக்கத்து அமெரிக்கத் தீவான செயின்ட் தாமஸ் சென்று, எஸ்டாவைக் காட்டி முதலில் கடவுச்சீட்டில் முத்திரை வாங்கிவிட்டு, பிறகு படகை ஓட்டிவரலாம் என்று துறைமுகங்களில் சொல்லப்படும் வழி, அன்றைய அதிகாரியின் மனத்தைப் பொறுத்தது.

ஆகவே பி1/பி2 என்ற வணிக, சுற்றுலா விசாவைக் கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். வழியில் ஏதாவது ஒரு தீவிலுள்ள தூதரகத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்ற பழைய நம்பிக்கை இனி உதவாது. சொந்த நாட்டிலோ சட்டப்படி வசிக்கும் நாட்டிலோ விண்ணப்பிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்துவிட்டது. மாதக்கணக்கில் படகிலேயே வாழ்பவர் எந்த நாட்டில் வசிக்கிறார் என்ற கேள்விக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. விசா மறுக்கப்பட்டாலும் 185 டாலர் கட்டணம் திரும்ப வராது. இந்தியக் கடவுச்சீட்டுடன் மாலுமியாகச் சேர்பவர்கள், கப்பல் வேலைக்காக வாங்கிய சி1/டி விசா போதும் என்று இருந்துவிடக் கூடாது. அதில் 29 நாளுக்கு மேல் தங்க முடியாது.

இவ்வளவும் ஆளுக்கான அனுமதி. படகுக்குத் தனியாக க்ரூஸிங் லைசென்ஸ், அதாவது அமெரிக்கக் கடற்பகுதியில் சுற்றிவருவதற்கான உரிமம் வேண்டும். அதற்கு உரிமையாளரின் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை, படகு எந்த நாட்டில் பதிவானது என்றே பார்க்கிறார்கள். இந்த லைசென்ஸுக்குத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் இல்லாத நாட்டின் கொடி பறந்தால் துறைமுகத்துக்குத் துறைமுகம் அனுமதி வாங்கிக் கட்டணம் கட்ட வேண்டியதுதான். லைசென்ஸ் ஓராண்டு வரை செல்லும் என்றாலும், பி2 விசாவில் வருபவருக்கு வழக்கமாகக் கிடைப்பது ஆறு மாதம். படகின் தேதியைப் பார்த்துக்கொண்டு தன் தேதியைத் தவறவிட்டவர்கள் உண்டு. லைசென்ஸ் முடிந்த பின் 15 நாள் கழிய வேண்டும். படகும் வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து திரும்பி வர வேண்டும். அப்போதுதான் புதியது கிடைக்கும்.

கரை சேர்ந்தவுடன் கேப்டன் தொலைபேசியிலோ ரோம் (ROAM) என்ற செயலியிலோ அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறைக்கு வருகையைத் தெரிவிக்க வேண்டும். அனுமதி வரும்வரை கயிறு கட்டுவதற்கு மேல் வேறெதற்கும் யாரும் இறங்கக் கூடாது. தெரிவிக்காமல் விட்டால் முதல் முறையே 5,000 டாலர் வரை அபராதம் விழும். லைசென்ஸ் கிடைத்த பிறகும் அடுத்தடுத்த துறைமுகங்களில் வருகையைத் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்த தேதி, நேரம், பேசிய அதிகாரியின் பெயர், கொடுத்த எண் ஆகியவற்றைப் படகின் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்; அடுத்த அலுவலகம் உங்களைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை என்று சொன்னால், காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.

கிளம்பும்போதும் ஒரு சுற்று அலைச்சல் இருக்கிறது. லைசென்ஸ் உள்ள படகுக்குப் புறப்பாட்டுச் சான்று தேவையில்லை என்பார்கள்; அடுத்த நாட்டின் துறைமுகத்திலோ முதலில் கேட்பதே அதைத்தான். தேவையில்லை என்று சொன்னாலும் அந்தச் சான்றுக்கான 1300 எண் படிவத்தைக் கேட்டு, முத்திரையுடன் வாங்கிக்கொண்டு நங்கூரத்தை எடுங்கள்.