கால் வலி இடுப்புக்கு ஏறினால் பயப்படாதீர்கள்

முதல்முறை வருபவர்களிடம், வலி போகும் வழியை ஒரே விரலால் கோடு போட்டுக் காட்டச் சொல்வேன். தண்டையார்பேட்டையில் பிசியோதெரபி பார்க்கத் தொடங்கி 16 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கோடு சொல்லும் அளவுக்கு வேறு எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு டிரெய்லர் ஓட்டுநர் வந்தார். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிச் செல்பவர். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நின்று, கிளட்சை மிதித்து மிதித்து அடி அடியாக நகர்த்துவதிலேயே பாதி நாள் போய்விடும் என்றார். நாற்காலியில் வலது பிட்டத்தை மட்டும் வைத்து, இடது காலை நீட்டி, ஒருக்களித்தாற்போல் உட்கார்ந்திருந்தார். பேசும்போது இருமல் வந்தது. இருமுவதற்கு முன்பே மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விரல் இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பக்கவாட்டில் இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்புறமாக வந்து, பாதத்தின் மேல்பக்கத்தைத் தாண்டிப் பெருவிரலில் நின்றது. "மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கிறது டாக்டரம்மா. இடுப்பில் ஒன்றுமே இல்லை, காலில்தான் எல்லாம்" என்றார். மூன்று வாரமாகக் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

காலில் வலித்தாலும் கோளாறு இருப்பது முதுகில். கீழ்முதுகிலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பி, ஒன்றுசேர்ந்து, சயாட்டிக் நரம்பு என்ற ஒரே கயிறாகப் பிட்டத்தின் வழியே இறங்குகின்றன. உடம்பிலேயே தடித்த நரம்பு இதுதான். பிட்டத்தருகே ஏறக்குறைய ஒரு விரல் தடிமன் இருக்கும். வேர் நசுங்கும்போது வலி அந்த நரம்பு போகும் இடமெல்லாம் தெரியும். ஐந்தாம் இடுப்பு வேர் என்றால் பெருவிரல் வரை இழுக்கும், விரலைத் தூக்கும் பலம் குறையும். அதற்கடுத்த வேர் என்றால் பின்தொடை, கெண்டைக்கால், குதிகால், சுண்டுவிரல் என்று போகும். நுனிக்காலில் எம்பி நிற்கமுடியாது.

'ஜவ்வு விலகிவிட்டது' என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அந்தச் சொல் ஒரு தவறான படத்தை மனத்தில் பதித்துவிடுகிறது. ஏதோ ஒரு தட்டு இடம் நகர்ந்துவிட்டது, யாராவது அழுத்தி உள்ளே தள்ளிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து, சுளுக்கு எடுப்பவரிடம் போய் முதுகில் ஏறி மிதிக்கச் சொல்கிறார்கள். இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கைத்தான் ஜவ்வு என்கிறார்கள். அது நன்றாக ஒட்டியிருக்கிறது; நழுவுவதில்லை. அதன் வெளிவளையம் விரிசல் விட்டு, உள்ளிருக்கும் கூழ் போன்ற பகுதி பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பு வேரை அழுத்துகிறது, அங்கே அழற்சியையும் கிளப்புகிறது. சயாட்டிகாவுக்கு, அதாவது சயாட்டிக் நரம்பின் வழியே பாயும் இந்தக் கால்வலிக்கு, இப்படிப்பட்ட டிஸ்க் பிதுக்கம் காரணம் என்பதை மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1934இல் எடுத்துக்காட்டினார்கள். அதற்கும் பின்னால் தெரியவந்தது ஒன்று உண்டு. என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்கிறேன். பிதுங்கிய அந்தப் பகுதியைப் பல நேரங்களில் உடம்பே மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவிடுகிறது. பெரிதாகப் பிதுங்கியதுகூடச் சுருங்குவதுண்டு. பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி நன்றாகக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது தெரியாததால்தான் ஸ்கேன் படம் ஆளையே படுக்கவைத்துவிடுகிறது. எம்.ஆர்.ஐ. உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். எந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிதுக்கம் என்பதை 'எல்4–எல்5, எல்5–எஸ்1' என்று வீட்டு எண்ணைப் போல ஒப்பிப்பார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். மற்றவர்களுக்கு எங்காவது ஒரு பிதுக்கம் இருந்தது. அவர்கள் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள். கால் பலவீனமாகிக்கொண்டே போனாலோ, பின்னால் சொல்லப்போகும் அபாய அறிகுறி இருந்தாலோ, ஊசி அல்லது அறுவைச் சிகிச்சை பற்றி யோசிக்கும் கட்டம் வந்தாலோ எம்.ஆர்.ஐ. அவசியம். வலி வந்த முதல் வாரத்திலேயே கடன் வாங்கி ஸ்கேன் எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை.

ஓட்டுநரை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் இடது காலைத் தூக்கினேன். ஏறக்குறைய 40 பாகைக்கு வந்ததும் பல்லைக் கடித்தார். பெருவிரலைத் தூக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தினேன். வலது விரல் என் கையை எதிர்த்து நின்றது, இடது விரல் சற்றே பணிந்துபோனது. பிறகு குப்புறப் படுக்கச் சொன்னேன். வேறெதுவும் செய்யவில்லை. ஐந்து நிமிடம் அப்படியே. அடுத்து, முழங்கைகளை ஊன்றித் தலையையும் நெஞ்சையும் தூக்கியபடி இரண்டு நிமிடம். கோட்டை மறுபடி காட்டச் சொன்னேன். விரல் தொடையிலேயே நின்றுவிட்டது. ஆனால் அவர் முகம் மாறியது. "டாக்டரம்மா, இப்போது இடுப்பு வலிக்கிறதே! மேலே ஏறிவிட்டதே!"

பலர் சிகிச்சையைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கும், தொடைக்கும், இடுப்புக்கும் சுருங்கி ஏறுவது நல்ல சகுனம். இடுப்பில் அது சற்று அதிகமாகத் தெரிந்தாலும்கூட. ராபின் மெக்கன்சி என்ற நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் 1956இல் இதைத் தற்செயலாகக் கவனித்தார். கால்வலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கால்வலி போயிருந்தது. அங்கிருந்து வளர்ந்த முறை இன்று உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. எதிர்த்திசையையும் நினைவில் வையுங்கள். ஒரு பயிற்சி செய்தபின் வலியோ மரமரப்போ கீழே பாதத்தை நோக்கி இறங்கினால், யார் சொல்லிக்கொடுத்த பயிற்சியாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

குப்புறப் படுக்கும் பயிற்சி எல்லோருக்கும் பொருந்தாது. 60, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு நரம்பு போகும் குழாய் குறுகி வரும் கால்வலி வேறு வகை. தங்கசாலைத் தெருவில் நாலு கடை நடந்ததும் கால் கனத்து இழுக்கும். எங்காவது திண்ணையில் குனிந்து உட்கார்ந்தால் விட்டுவிடும். சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தால் வலிக்காது. இவர்களை முதுகைப் பின்பக்கம் வளைக்கச் சொன்னால் வலி கூடும். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, உட்காராமல் சும்மா நின்றாலே சரியாகிவிடுகிறதென்றால், முக்கியமாகப் பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால், அது இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். இரண்டு பாதமும் சமமாக எரிகிறதென்றால் சர்க்கரையைப் பாருங்கள்.

ஓய்வு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் படுத்திருக்கலாம். 1999இல் நெதர்லாந்தில் சயாட்டிகா உள்ள 183 பேரை ஆராய்ந்தபோது, இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தவர்கள் நடமாடிக்கொண்டிருந்தவர்களைவிட எந்த விதத்திலும் சீக்கிரம் தேறவில்லை. வீட்டுக்குள்ளேயே ஆனாலும் பத்து நிமிடம் நடங்கள், பிறகு படுங்கள், மறுபடி நடங்கள். இடுப்பு பெல்ட்டை மாதக்கணக்கில் கட்டிக்கொண்டு திரிவதால் பயனில்லை.

மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குகிறவர்களை நினைத்தால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருப்பவர்களுக்கு அது சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். வயிற்றில் புண்ணும் வரும். நரம்பு மாத்திரை என்று தரப்படும் பிரிகாபலின் பற்றி, ஆஸ்திரேலியாவில் சயாட்டிகா உள்ள 209 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அது வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. ஓட்டுநரின் சட்டைப் பையில் அந்த அட்டை இருந்தது. தலைசுற்றலோடு 40 அடி கன்டெய்னரை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். இதைப் படித்துவிட்டுத் திடீரென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

வீட்டு வேலைதான் நம் பெண்களுக்குப் பெரிய சிக்கல். லாரித் தண்ணீர் வந்தால் இடுப்பு வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்க முடியாது. ஒரு நிறைகுடத்தை இடுப்பில் சாய்த்துத் தூக்குவதைவிட, பாதி நிறைந்த இரண்டு சிறு குடங்களை இரு கையிலும் தொங்கவிட்டு, நடை கூடினாலும் பரவாயில்லை என்று எடுங்கள். குட்டைத் துடைப்பத்துக்கு நீளக் கம்பு கட்டுங்கள். துணியை ஸ்டூல் மேல் வைத்துத் துவையுங்கள். முதல் சில வாரம் குந்தி உட்காரும் கழிப்பறையைத் தவிர்க்க, நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி போதும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கினால் வலி பாயும். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள்.

காசிமேட்டில் மீன் வெட்டிக்கொடுக்கும் ஓர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியற்காலையிலிருந்து அரிவாள்மனை முன் குனிந்தே உட்கார்ந்திருப்பவர். ஒரு காலில் இருந்த வலி திடீரென்று இரண்டு காலிலும் வந்துவிட்டது என்று மகன் ஆட்டோவில் அழைத்துவந்தான். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள் என்று கேட்டேன். "காலையில் போனது, இப்போது மணி நாலு. எங்களுக்கு அது பழக்கம்தானேம்மா" என்றார். அங்கே வேலை செய்யும் பெண்கள் கழிப்பறைக்குத் தயங்கித் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொள்வார்கள். அதனால் அவருக்கும் அது ஒரு அறிகுறியாகத் தோன்றவில்லை. முட்டிக்கொண்டு வருகிறதா என்று கேட்டதற்கு, யோசித்து, "வரவே இல்லை" என்றார். உட்காரும் இடம் மரத்திருக்கிறதா என்றேன். கூச்சத்தோடு மகனை வெளியே அனுப்பிவிட்டு, கழுவும்போது கை பட்டதே தெரியவில்லை என்றார். அடிவயிற்றைத் தொட்டேன், சிறுநீர்ப்பை பந்துபோல் திரண்டிருந்தது.

பயிற்சி மேசையில் அவரை ஏற்றவே இல்லை. கையோடு கடிதம் எழுதி அதே ஆட்டோவில் அனுப்பினேன். அன்றிரவே அறுவைச் சிகிச்சை நடந்தது. முதுகுத் தண்டின் அடியில் குதிரைவால் போல் தொங்கும் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்கும் நிலை இது. நாள் கடந்தால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு வாழ்நாள் முழுக்கத் திரும்பாமலே போகலாம்; மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். தொடையிடுக்கு மரத்துப்போனாலும், சிறுநீர் வராமல் நின்றாலும், தெரியாமல் கசிந்தாலும், இரண்டு காலும் தளர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது, 108ஐ அழையுங்கள். பாதம் தொங்கிச் செருப்பு தானாகக் கழன்று விழுந்தால், அன்றே மருத்துவரைப் பாருங்கள். முதுகுவலியோடு மாலைக் காய்ச்சலும் எடை இழப்பும் இருந்தால் முதுகெலும்புக் காசநோய் இல்லை என்று உறுதிசெய்துவிட்டுத்தான் பயிற்சி.

இந்த அவசரம் இல்லாதவர்களுக்கு அறுவை பற்றி நிதானமாக முடிவெடுக்க நேரம் உண்டு. 2007இல் வந்த நெதர்லாந்து ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகப் போனது. ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பிறகு அறுவைக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. தாங்கமுடியாத வலியோடு மாதக்கணக்கில் வேலையில்லாமல் கிடக்கும் ஒருவர் அறுவையைத் தேர்ந்தெடுத்தால் அதில் தோல்வி எதுவும் இல்லை.

வெளியே வரவே முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஓட்டுநர் நரம்பியல் மருத்துவரையும் பார்த்துவிட்டுத் தொடர்ந்து வந்தார். ஒன்பதாம் வாரம் விரல் இடுப்பிலேயே நின்றது. பர்ஸைப் பின்பாக்கெட்டிலிருந்து சட்டைப் பைக்கு மாற்றியிருந்தார். வரிசையில் நிற்கும்போது வண்டியை அணைத்துவிட்டு இறங்கி முதுகை நிமிர்த்திக்கொள்கிறார். பெருவிரல் நுனியில் மரமரப்பு இன்னும் இருக்கிறது. வலி போனபின்னும் உணர்ச்சி திரும்பச் சில மாதங்கள் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறேன். விரலைத் தூக்கும் பலமும் முழுதாக வரவில்லை. அடுத்த புதன்கிழமை மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும்.