கொரோனா மரணம் என்றால் ஜூரி கட்டாயமா?

"அறிவிக்க வேண்டிய நோயில் இறந்திருக்கிறார், ஆகவே ஜூரி வைத்தே தீர வேண்டும்." இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொரோனருக்கு, அதாவது மரணக் காரணத்தை விசாரிக்கும் நீதி அதிகாரிக்கு, போகும் மனுக்களில் இந்த வரி இன்னும் ஓயவில்லை. வழக்கறிஞர் வைத்திருக்கும் குடும்பங்களும் இதையே எழுதுவதைப் பார்க்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது. உருப்படியான வாதங்களுக்கு வேண்டிய நேரம் இதில் கரைந்துபோகிறது.

2009ஆம் ஆண்டுக் கொரோனர்கள் மற்றும் நீதிச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, மரண விசாரணையைக் கொரோனர் தனியாக நடத்துவதே வழக்கம். மூன்று சந்தேகங்களில் ஒன்று இருந்தால் மட்டும் பொதுமக்களில் 7 முதல் 11 பேர் கொண்ட ஜூரி கட்டாயம். ஒன்று, காவலில் அல்லது அரசின் தடுப்பில் இருந்தவரின் மரணம் வன்முறையாலோ இயற்கைக்கு மாறாகவோ நேர்ந்தது, அல்லது காரணம் தெரியவில்லை. இரண்டு, பணியில் இருந்த போலீஸாரின் செயலாலோ செய்யத் தவறியதாலோ வந்த மரணம். மூன்று, சட்டப்படி அறிவிக்க வேண்டிய விபத்து, நஞ்சு அல்லது நோய்.

அந்த மூன்றாவதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். 2020 மார்ச் 5 அன்று இங்கிலாந்தின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் கோவிட் சேர்ந்தது உண்மை. ஆனால் அது நோய்ப் பரவலைக் கண்காணிக்க, டாக்டர் உள்ளாட்சியின் உரிய அதிகாரிக்குத் தகவல் சொல்லும் கடமை. பட்டியலில் இருக்கிறது என்பதற்காகக் கொரோனருக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட ஆகாது. கோவிட் இயற்கையான மரணக் காரணமாகவும் இருக்கலாம். டாக்டர் சான்றிதழில் அப்படி எழுதிப் பதிவும் முடிந்துவிட்டால் விசாரணையே இல்லை. அங்கே ஜூரி எங்கிருந்து வரும்? விசாரணை நடந்தாலும், 2020 மார்ச் 25 அன்று ஒப்புதல் பெற்ற கொரோனா வைரஸ் சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஜூரி விஷயத்தில் கோவிட் அறிவிக்க வேண்டிய நோய் ஆகாது என்று தெளிவாகச் சொன்னது. 2022இல் அதே விலக்கை 2009 சட்டத்துக்குள்ளேயே, காலவரம்போடு கொண்டுவந்தார்கள். உங்கள் விசாரணைத் தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

"அப்படியானால் ஜூரியையே எடுத்துவிட்டார்களா?" என்று உடனே கேட்பார்கள். இல்லை. மற்ற இரண்டு வழிகளும் அப்படியே இருந்தன. சிறையிலோ குடியேற்றத் தடுப்பு மையத்திலோ ஒருவர் இறந்தால் விசாரணை நிச்சயம் உண்டு. கோவிட்டால் இயற்கையாக இறந்தார் என்பது தெளிவானால் ஜூரி கட்டாயமில்லை. சிகிச்சை மறுக்கப்பட்டதாகச் சந்தேகம் இருந்தால் நிலைமை மாறலாம். போதிய காரணம் இருந்தால் கொரோனர் தாமாகவே ஜூரி வைக்கும் அதிகாரமும் இருக்கிறது.

ஆகவே நோயின் பெயரைப் பிடித்துத் தொங்காதீர்கள். பஸ் ஓட்டுநரோ முதியோர் இல்லப் பணியாளரோ இறந்திருந்தால், பணி அட்டவணை, அறிகுறி தொடங்கிய தேதி, அந்தப் பணிமுறையில் வேறு யாருக்குத் தொற்று, எந்த முகக்கவசம் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் வரிசையாக எழுதி, முன்விசாரணைக்கு முன்பே கொரோனரிடம் கொடுங்கள். எந்த வழியில் ஜூரி கேட்கிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். நாட்டின் முகக்கவசக் கொள்கை முழுவதையும் இங்கே விசாரிக்கச் சொல்லாதீர்கள், அது எடுபடாது. கொரோனர் மறுத்தால், அந்த முடிவு சட்டப்படி சரியா என்று உயர் நீதிமன்றம் பார்க்கும் நீதிமுறை மறுஆய்வுக்கு உடனே போக வேண்டும். மூன்று மாதம் என்பது கடைசி எல்லை, அதுவரை காத்திருக்க உரிமை உண்டு என்று அர்த்தமில்லை.

ஜூரி கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று தயவுசெய்து மனம் உடைந்துவிடாதீர்கள். இனி இப்படி மரணம் நேராமல் தடுக்கும் அறிக்கையை, தேவை எழுந்தால், எழுதுவது கொரோனரின் கடமை, ஜூரிக்கு அதில் பங்கில்லை. அறிக்கை கிடைத்த நிறுவனம் 56 நாளில் பதில் சொல்ல வேண்டும். அந்த அறிக்கைக்கு இறந்தவரின் போனில் கிடக்கும் வாட்ஸ்அப் செய்திகளும் ஆதாரமாகலாம். போனில் இருப்பதை அழித்து வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.