வீட்டில் பீர் காய்ச்சப் போகிறீர்களா? விஷத்தை விடுங்கள், பாட்டிலைக் கவனியுங்கள்

இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் நுண்ணுயிரியலாளராக வேலை பார்க்கிறேன். நாளெல்லாம் ஈஸ்ட்டோடு மல்லுக்கட்டுவது போதாதென்று, வீட்டில் பீர் காய்ச்ச ஆசைப்படுகிறவர்களுக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பும் எடுக்கிறேன். வருகிறவர்களில் நம்மவர்கள் இருந்துவிட்டால், ரெசிபி கேட்பதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: "வீட்ல காய்ச்சினா விஷமாயிடாதா சார்? கண்ணு போயிடும்னு சொல்றாங்களே?"

அந்தப் பயம் நியாயமானது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளை யாரும் மறக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஆனால் அந்த உயிர்களைக் குடித்த மெத்தனால் எந்தப் பானையிலும் புளித்து உண்டானதல்ல. தொழிற்சாலைகளுக்கான கரைப்பானைப் போதைக்காகக் கலந்து விற்றார்கள். நொதித்தலில் மெத்தனால் வருவது பழங்களிலுள்ள பெக்டின் என்ற பொருளிலிருந்து. பார்லியில் பெக்டின் மிகக் குறைவு என்பதால் வீட்டுப் பீரில் இருப்பதும் கடைப் பீரில் இருக்கிற அதே சொற்ப அளவுதான். காய்ச்சி வடிப்பது வேறு கதை. அதன் பக்கமே போகாதீர்கள். பிரிட்டனிலும்கூட உரிமம் இல்லாமல் வீட்டில் வடிப்பது குற்றம்.

சட்டம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி அங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். பிரிட்டனில் 1963இல்தான் வீட்டுக் காய்ச்சலுக்கு உரிமம் வாங்கும் வழக்கம் ஒழிந்தது. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். அப்படியும் அலபாமா, மிசிசிப்பி போன்ற மாநிலங்கள் 2013 வரை அடம்பிடித்தன. சிங்கப்பூரில் அளவுக் கட்டுப்பாட்டோடு அனுமதி உண்டு. எங்கே இருந்தாலும் சொந்தக் குடிக்கு மட்டும்தான். நண்பருக்கு விற்றால்கூட வழக்கு.

சரி, விஷம் இல்லை என்றாகிவிட்டது. நோய்க்கிருமி? அதுவும் பீரில் பொதுவாகத் தலையெடுக்காது. கொதிக்கவைக்கிறோம், பீரில் சேர்க்கிற ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு பல பாக்டீரியாக்களை அடக்குகிறது, புளிப்பு பி.எச். 4க்குச் சற்று மேல் வந்து நிற்கிறது, போதாததற்கு ஆல்கஹால் வேறு. கெட்டுப்போன பீர் வாயைக் கெடுக்கும், அவ்வளவுதான். வீட்டுப் பீரில் நான் உண்மையிலேயே பயப்படுவது கண்ணாடிக்குள் அடைபட்ட வாயுவுக்கு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் தடவைக்கு முழு பார்லியை அரைத்து, 65 டிகிரி தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி என்றெல்லாம் இறங்க வேண்டாம். ஹாப்ஸ் சேர்த்த மால்ட் சாறு, அதாவது முளைகட்டிய பார்லியின் கெட்டிச் சாறு, டின்னில் கிடைக்கிறது, ஒன்றரை கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை. வெந்நீரில் கரைத்து, குளிர்ந்த நீர் விட்டு 20, 23 லிட்டருக்குக் கொண்டுவந்து, 20 டிகிரிக்கு ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி மூடிவிட்டால் வேலை முடிந்தது. டின்னில் "ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கவும்" என்று போட்டிருப்பார்கள். அந்த ஒரு கிலோவுக்கும் மால்ட் பவுடரையே போடுங்கள். வெள்ளைச் சர்க்கரை போதையைக் கூட்டும், பீரை நீர்த்துப்போகச் செய்யும்.

பாத்திரத்தில் ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு: உணவுத் தர பிளாஸ்டிக் வாளி மட்டும்தான், 20 லிட்டர் கண்ணாடிக் குடுவை கூடவே கூடாது. படத்தில் அழகாகத்தான் இருக்கும். கழுவுகிறபோது சோப்புக் கையிலிருந்து நழுவி உடைந்தால் கத்தி மாதிரிச் சில்லுகள். மணிக்கட்டு நரம்பு அறுபட்டவர்கள் உண்டு. அதேபோல, வோர்ட்டை (ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய இனிப்பு மால்ட் சாற்றை) நீங்களே கொதிக்கவைக்கிற கட்டத்துக்கு முன்னேறும்போது கேஸ் பர்னரை வீட்டுக்குள் வைக்காதீர்கள். திறந்தவெளிக்கான பெரிய பர்னர் அடைத்த கராஜில் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். கொதிக்கும் பானையைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் வேண்டாம். இனிப்புச் சாறு தோலில் ஒட்டிக்கொள்வதால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும்.

அடுத்தது சுத்தம். நம்மவர்களுக்கு இதில்தான் சறுக்கும், காரணமும் புரிகிறது. இட்லி மாவில் நாம் எந்தக் கிருமியையும் வாங்கிப் போடுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களே மாவைப் பொங்கவைக்கின்றன, கையால் கலக்கினால் இன்னும் நன்றாகப் புளிக்கும் என்று பாட்டிகள் சொல்வார்கள். பீரில் கணக்கே தலைகீழ். நாம் போடுகிற 11 கிராம் பாக்கெட் ஈஸ்ட் ஒன்றுக்குத்தான் அங்கே இடம். வேறு யார் நுழைந்தாலும் விருந்தாளியல்ல, திருடன்.

கழுவுவது ஒரு வேலை, கிருமிநீக்கம் இன்னொரு வேலை. கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு இருக்கும் இடத்தில் சானிடைசர் வேலை செய்யாது. முதலில் சோடியம் பெர்கார்பனேட் மாதிரியான ஒரு கிளீனரில் ஊறவைத்துத் தேய்த்து அலச வேண்டும், பிறகு ஸ்டார் சான் போன்ற அமிலச் சானிடைசர், லிட்டருக்கு ஒன்றரை மில்லி. அதை அலம்ப வேண்டியதில்லை, நுரையோடே பயன்படுத்தலாம். பச்சை ஸ்க்ரப்பரை வாளிக்குள் விடாதீர்கள். அது போடுகிற கீறலுக்குள் எந்த ரசாயனமும் எட்டாது. வீட்டு பிளீச்சையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். வெளிவருவது குளோரின் வாயு.

"எல்லாத்தையும் கழுவினேன், ஆனாலும் புளிச்சுப்போச்சு" என்று ஒருவர் வகுப்புக்கு வாளியையே தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பளபளவென்று இருந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: அடியில் இருக்கும் குழாயைக் கழற்றினீர்களா? கழற்றவில்லை. அந்த வகைக் குழாயில் திருகும் பகுதியைப் பிடித்து இழுத்தால் இரண்டாகப் பிரிந்துவிடும். பிரித்தோம். ரப்பர் வளையத்துக்குப் பின்னால், மறையின் பள்ளங்களில், பழுப்பாகக் கொழகொழவென்று ஒரு படலம். காட்டன் பட்ஸில் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது நான்கு நான்காகச் சதுரம் கட்டி நிற்கும் உருண்டைகள் தெரிந்தன. பீடியோகாக்கஸ். பீரைப் புளிக்கவைத்து, வெண்ணெய் வாடை ஏற்றி, சில நேரம் நூல்நூலாக இழுக்கவும் வைத்துவிடும். புதிதாக வருகிற எல்லோரையும் இப்போது முதலில் குழாயைப் பிரிக்கச் சொல்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1871இல் லூயி பாஸ்டர் லண்டன் விட்பிரெட் ஆலைக்கு வந்து ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்வரை, அவ்வளவு பெரிய ஆலையிலேயே அந்தக் கருவி கிடையாது. அவர் வந்து போன பிறகுதான் வாங்கினார்கள்.

பீரில் மருந்துக்கடை வாடை, பிளாஸ்திரி வாடை அடித்தால் கிருமியைச் சந்தேகிப்பதற்கு முன் குழாய்த் தண்ணீரைச் சந்தேகியுங்கள். அதிலுள்ள குளோரின் ஹாப்ஸ், மால்ட் பொருட்களோடு சேர்ந்து இந்த வாடையைத் தரும். குளோரினைப் போக்கும் கேம்டன் என்ற சல்ஃபைட் மாத்திரையில் பாதியைக் காய்ச்சுவதற்கு முன் 23 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

வெப்பநிலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அறை 20 டிகிரி என்றால் வாளிக்குள்ளும் 20 என்று நினைக்கக் கூடாது. நொதித்தல் சூடு பிடிக்கும்போது உள்ளே சில டிகிரி கூடவே இருக்கும். ஏல் என்ற பீர் வகைக்கான சாதாரண ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 நல்லது. முதல் மூன்று நாள் 25ஐத் தாண்டினால் பெயின்ட் தின்னர் மாதிரி ஒரு காரம் ஏறும், எத்தனை மாதம் வைத்தாலும் அது முழுக்கப் போகாது. சிங்கப்பூர் அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஏசியை இராப்பகலாக ஓட்டத் தேவையில்லை, நார்வே பண்ணைவீடுகளின் க்வைக் ஈஸ்ட் 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும். வெப்ப நாட்டுக்காரனுக்கு இதைவிட நல்ல ஈஸ்ட் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

வாளியை எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள். 4 சதவீதப் பீர் 20 லிட்டர் நொதித்து முடிவதற்குள் 300 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடும். பல நாட்களில் மெதுவாக வருவதால் காற்றோட்டமுள்ள அறையில் பிரச்சினை இல்லை. குழந்தை தூங்குகிற சின்ன அறையின் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள்.

இனி பாட்டில். ஏர்லாக்கில், அதாவது வாயுவை வெளியே மட்டும் விடுகிற வாளி மூடியின் அடைப்பானில், குமிழி நின்றுவிட்டால் நொதித்தல் முடிந்தது என்று பலரும் பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள். மூடி சரியாக உட்காராவிட்டால் குமிழியே வராது. அறை சூடானால் முடிந்துபோன பீரிலும் குமிழி வரும். நம்ப வேண்டியது பீரின் அடர்த்தியை அளக்கும் மிதவையான ஹைட்ரோமீட்டர் ஒன்றைத்தான். சர்க்கரை குறையக் குறைய அது காட்டும் எண்ணும் இறங்கும். தொடக்கத்தில் 1.042 காட்டியது, கடைசியில் 1.010க்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு எடுத்த அளவுகளும் மாறாமல் இருந்தால்தான் முடிந்ததாகப் பொருள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதமும் கிடைத்துவிடும், இங்கே 4.2. அளக்கும்போது ஹைட்ரோமீட்டரை ஒரு சுற்றுச் சுழற்றிவிடுங்கள், ஒட்டியிருக்கும் வாயுக்குமிழிகள் அதை மேலே தூக்கிப் பொய் சொல்ல வைக்கும். அளந்த பீரைத் திரும்ப வாளியில் ஊற்றாதீர்கள். குடித்துவிடுங்கள்.

1.010க்கு இறங்க வேண்டியதை 1.014இல் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? மீதமிருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் பாட்டிலுக்குள் தின்று முடிக்கும். நுரைக்காக நாம் லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை போடுவோம், அது அறை வெப்பத்தில் சுமார் 2 பார் அழுத்தம் தரும். அந்த நான்கு புள்ளி மிச்சம் சேர்ந்தால் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். எத்தனையோ முறை கழுவித் திரும்ப உபயோகித்த பாட்டிலுக்கு அது அதிகம். வெடித்தால் சில்லு அறையின் மறுகோடிவரை பறக்கும்; ஒன்று வெடித்தால் பக்கத்துப் பாட்டில்களும் தொடர்ந்து போகும்.

அந்த ஆறு கிராம் சர்க்கரையையும் பாட்டில் பாட்டிலாக ஸ்பூனில் போடாதீர்கள், ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். 20 லிட்டருக்கு 120 கிராமைத் தராசில் நிறுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து, சுத்தம் செய்த இன்னொரு வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் பீரைச் சைஃபனில் இறக்கி மெல்லக் கலக்குங்கள். பீருக்கென்றே செய்த பழுப்பு பாட்டில் மட்டும். ஒயின் பாட்டில், ஜூஸ் பாட்டில், அலங்கார பாட்டில் வேண்டாம். பழுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு, வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாறும். தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வது சோடா வருகிற பிளாஸ்டிக் பாட்டில்தான். பார்க்கக் கௌரவமாக இருக்காது. ஆனால் விரலால் அமுக்கிப் பார்த்தே அழுத்தம் தெரிந்துகொள்ளலாம், கல் மாதிரி இறுகினால் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வாயுவை விட்டுவிடலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு மாதம் கழித்துப் பீர் பொங்கினால், டயஸ்டாடிகஸ் என்ற ஈஸ்ட் வகையைச் சந்தேகிப்பேன். சாதாரண ஈஸ்ட் தின்னாமல் விட்டுவைக்கிற மாவுச்சத்துத் துண்டுகளையும் இது உடைத்துச் சாப்பிடும். ஆலைகளே இதனால் சரக்கைத் திரும்பப் பெற்றதுண்டு. சைசான் என்ற பெல்ஜியப் பீருக்கான ஈஸ்ட் வகைகள் பலவற்றில் இது வேண்டுமென்றே இருக்கிறது. சைசான் காய்ச்சினால் அதற்கெனத் தனிக் குழாய், தனி டியூப் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பாட்டிலிலும் தேதியும் சதவீதமும் எழுதி ஒட்டுங்கள். வீட்டுப் பீர் 7 சதவீதத்தைச் சர்வசாதாரணமாகத் தொடும், குடிக்கிற விருந்தாளி காரில் வந்திருப்பார். பிரிட்டன் மருத்துவர்கள் சொல்லும் வார உச்சவரம்பு 14 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்), 4.2 சதவீதப் பீர் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி, ஏறக்குறைய 2.4 யூனிட். வீட்டில் 40 பாட்டில் இருக்கிறது என்பதற்காக அந்த வரம்பு ஏறாது. நாய் வளர்க்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: கொதித்து எடுத்த ஹாப்ஸ் சக்கையைத் தோட்டத்தில் கொட்டினால் நாய் தின்னும், உடல் சூடு தாறுமாறாக ஏறிச் செத்துப்போகக்கூடும்.

அடைத்து வைத்த பிறகு ஒரு பாட்டில் வெடித்துவிட்டது அல்லது திறந்ததும் கூரைவரை பீய்ச்சியது என்றால், மிச்சத்தை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஆட்டிப் பார்க்கக் கூடாது. குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குத் தடித்த கையுறை, உடம்புக்கு முழுக்கைச் சட்டை. பெட்டியின்மேல் நனைத்த கனமான துண்டைப் போர்த்தி, முடிந்தால் அந்த அறையைக் குளிரவிட்டுச் சில மணி நேரம் காத்திருங்கள். சூடு குறைந்தால் அழுத்தமும் குறையும். பிறகு பாட்டிலைத் துண்டோடு சேர்த்துப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியின் ஓரத்தை ஓப்பனரால் கொஞ்சம் மட்டும் தூக்கி வாயு சீறி அடங்கும்வரை விடுங்கள். ஒரு சுற்று முடித்து மறுநாள் இன்னொரு சுற்று. அதன்பிறகும் பொங்கினால் அந்தச் சரக்கு முழுவதையும் சிங்க்கில் கொட்டிவிட்டு, குழாயைப் பிரித்துப் பாருங்கள்.