இலை உலரும்போது வீடு மணக்கக் கூடாது

புதினா காயப்போட்ட அறைக்குள் நுழைந்ததுமே மணம் மூக்கைத் துளைத்தால் மனசுக்குச் சுகமாகத்தான் இருக்கும். கணக்குப் பார்த்தால் அது நட்டம். மூக்குக்கு வந்த மணம் கோப்பைக்கு வராது. மூலிகைத் தேநீருக்கு இலை உலர்த்துவதில் சூட்சுமம் ஒன்றுதான்: தண்ணீர் போக வேண்டும், எண்ணெய் போகக் கூடாது.

பறித்த இலையின் எடையில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். மணம் தரும் எண்ணெயோ ஒரு சதவீதம்கூடத் தேறாது. புதினா இலையைத் திருப்பிப் போட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அடிப்புறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் மின்னும். ஒவ்வொன்றும் மெல்லிய தோல் போர்த்திய எண்ணெய்ப் பை. கசக்கினால் மணப்பது அந்தத் தோல் கிழிவதால். ஆகவே உலர்த்துமுன் நறுக்குவதும் கசக்குவதும் வேண்டாம். மணம் போவதோடு, செல்கள் உடைந்து நொதிகள் வேலையைத் தொடங்கி இலையும் கறுத்துவிடும். எலுமிச்சைப்புல் மட்டும் விதிவிலக்கு. நீள இலையைக் கையாள்வது தொல்லை என்பதால் கூரான கத்தரியால் விரல் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்.

செடி வளர்ப்பதில் செலவே இல்லை. நான்கைந்து கணுவுள்ள புதினாத் தண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் ஓரிரு வாரத்தில் வேர் விடும். தொட்டியில் நடுங்கள், தரையில் நட்டால் பக்கத்துச் செடியையும் விழுங்கிவிடும். துளசியில் பூங்கதிர் தலைகாட்டும்போதே கிள்ளிவிட்டால் இலை பெருகும்.

மொட்டு கட்டி, பூ விரியாத பருவத்தில் பறியுங்கள். காலையில் பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுமுன். மேலே மூன்றில் ஒரு பங்கை, கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் மீண்டும் தழைக்கும். தூசி இருந்தால் முந்தின நாள் மாலையே செடியில் தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம். பறித்தபின் கழுவினால் உலர்த்தவேண்டிய தண்ணீரை நாமே கூட்டுகிறோம். வெளியில் சேகரிப்பவர்கள் சாலையோரத்தையும் பூச்சிமருந்து அடித்த இடத்தையும் விட்டுவிட வேண்டும். குடை விரித்தாற்போல் வெள்ளைப் பூ பூக்கும் கேரட் குடும்பச் செடிகளைப் பழகாதவர்கள் தொடவே வேண்டாம். உயிரைப் பறிக்கும் ஹெம்லாக் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது.

இனி உலர்த்தல். புதினாவுக்குக் குளிர்ச்சி தரும் மணப்பொருளான மெந்தாலின் கொதிநிலை 212 டிகிரி செல்சியஸ். அதற்காக அது கொதிக்கும்வரை காத்திருப்பதில்லை, நீராவியோடு சேர்ந்தே கிளம்பிவிடும். எனவே 35 முதல் 40 டிகிரி போதும். நேர்வெயில் ஆகாது, பச்சையம் வெளிறிவிடும். வலையிலோ துணியிலோ ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். கட்டித் தொங்கவிட்டால் ஒரு கட்டுக்குப் பத்துத் தண்டுக்கு மேல் வேண்டாம், நடுவில் பூசணம் பிடிக்கும்.

மழைக்காலத்தில் ஒரு வாரமாகியும் இலை துவண்டே கிடப்பதற்குக் காரணம் காற்று. காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ற அளவோடு இலை நின்றுவிடும், அதற்குக் கீழே உலராது. பூசணம் தலையெடுக்காமல் இருக்கக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதே காற்றைப் பத்து டிகிரி சூடேற்றினால் ஈரப்பதம் ஏறக்குறையப் பாதியாகும்: 25 டிகிரியில் 80 சதவீதம் இருப்பது 35 டிகிரியில் 45 ஆகிவிடும். அந்தச் சிறு வெதுவெதுப்பும் ஒரு மின்விசிறியும் போதும். இரண்டு தொட்டிப் புதினாவுக்காக உலர்த்தும் கருவி வாங்கினால் மிச்சப்படுத்தியதெல்லாம் அதற்கே போய்விடும்.

இலை நொறுங்கினால் மட்டும் போதாது. தண்டு வளையாமல் 'படக்'கென்று ஒடிய வேண்டும். தண்டில் ஒளிந்த ஈரம் மறுநாள் இலைக்குப் பரவும். அதனால் கண்ணாடிச் சீசாவில் போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். உள்ளே நீர்த்துளி தெரிந்தால் மறுபடி காயவையுங்கள். பூசணம் ஒரு புள்ளி தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். 1920களில் வட அமெரிக்காவில் பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. செடியில் இருந்த கூமரின் என்ற மணப்பொருளை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் டைகூமராலாக மாற்றியது பூசணம்தான். இரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மருந்து பிறந்தது அந்த ஆராய்ச்சியின் வழியில்.

கெமோமைல் பூ ஏமாற்றும். இதழ் காய்ந்திருக்கும், மஞ்சள் நடுப்பகுதிக்குள் ஈரம் இருக்கும். ஒன்றைப் பிய்த்துப் பார்ப்பது நல்லது. இஞ்சியை 2 மில்லிமீட்டர் வில்லைகளாக்கினால் கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும். அதன் காரம் ஆவியாகும் எண்ணெயில் இல்லை. உலரும்போது இஞ்சியின் காரப்பொருளான ஜிஞ்சரால், இன்னும் காரமான ஷோகாலாக மாறுவதால்தான் சுக்கு அப்படிக் காந்துகிறது.

ஒரு கிலோ பச்சிலை 150 முதல் 200 கிராம் சருகாகும். கோப்பைக்கு ஒன்றரை கிராம் என்றால் நூறு கோப்பைக்குக் குறையாது. இலையை முழுதாகவே காற்றுப் புகாத டப்பாவில், இருட்டில் வைத்தால் ஓராண்டு தாங்கும். போடுகிற அன்றைக்குத்தான் கசக்க வேண்டும். 200 மில்லி கொதிநீர் ஊற்றி, மூடி, ஏழெட்டு நிமிடம். சுக்கை மட்டும் பத்து நிமிடம் கொதிக்கவிடலாம். மூடியைத் திறக்கும்போது அடியில் துளிர்த்திருக்கும் நீரைக் கோப்பைக்குள்ளேயே தட்டிவிடுங்கள். ஓடப்பார்த்த மெந்தால் அதில் இருக்கிறது.